மேசை இன்னும் காயவில்லை

1931 செப்டம்பர் 9, புதன்

கடைக்குக் கவுண்டர் மேசை வந்து இறங்கிவிட்டது. பன்னிரண்டு அடி, ஒரே பலா மரம். எங்கள் கண்டிக் கடையின் கதவுப் பலகைகளை எல்லாம் கழற்றி, நாலு பேர் மூச்சு வாங்கித்தான் உள்ளே விட முடிந்தது. இவர், என் வீட்டுக்காரர், ஓரமாக நின்று "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதிகம் வியர்த்தது இவருக்குத்தான்.

எங்கே வாங்கியது என்று கேட்டேன். ஏலத்தில் என்றார். என்ன ஏலம்? சாமான் ஏலம். யாருடைய சாமான்? கூலி கொடுக்க வெளியே போய்விட்டார். குனிந்து பார்த்தால், வார்னிஷுக்கு அடியில் வட்ட வட்டமாக வெள்ளைத் தழும்பு. கிளாஸ் வைத்து வைத்து விழுந்த தழும்பு. மூடிப்போன சாராயக் கடையின் மேசையைப் புடவைக் கடைக்கு வாங்கி வந்திருக்கிறார்.

கறுப்பாகச் சாயம் ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்கிறார். யாருக்கு என்றால் பெரியத்தானுக்கு. இவருடைய அண்ணன் ராஜலிங்கம், புசல்லாவையில் பெரிய புடவைக் கடை, சாராயக் கடை இருக்கிற தெருவில்கூட நடக்காதவர். இவர் அண்ணனுக்குப் பயப்படுகிற மாதிரி நான் சாமிக்குப் பயந்திருந்தால் எனக்கு இந்நேரம் மோட்சம் கிடைத்திருக்கும்.

செப்டம்பர் 12, சனி

இவர் விழுந்துவிட்டார். மேல்தட்டிலிருந்து கம்பளிக் கட்டை இறக்கும்போது ஏணி சரிந்தது. தொடை எலும்பு. ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் பாரம் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார் டாக்டர். தீபாவளி அதற்குள் வந்து போய்விடும்.

இன்றைக்கு இவ்வளவுதான்.

செப்டம்பர் 14, திங்கள்

பெரியத்தான் வந்தார். வெள்ளைக் கோட்டு, தோளில் சரிகைச் சால்வை. தம்பியின் காலைப் பார்த்துக் கண் கலங்கினார், அது நிஜம். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே கடையைப் பற்றிப் பேசினார், அதுவும் நிஜம்.

கடையைப் பூட்டிவிட வேண்டுமாம். துணிக் கட்டு முழுவதையும் அவர் புசல்லாவைக்குக் கொண்டுபோய்த் தீபாவளிக்கு விற்றுத் தருவாராம். "பொம்பள போய்க் கடையில நிக்க முடியுமா? பிள்ளை குட்டியும் இல்ல, யாருக்காக இந்தப் பாடு?" என்றார், என்னைப் பார்க்காமல். இவர் என்ன சொன்னார்? "அண்ணன் சொன்னாச் சரி."

மடுல்கெல்லையில் கடை வைத்திருந்த இவர்களுடைய சித்தப்பா மகனுக்கும் இப்படித்தான் நடந்தது. அவனுக்குக் காய்ச்சல், பெரியத்தான் துணியைப் பத்திரமாக எடுத்துப் போனார். கட்டுகள் திரும்பவில்லை. பெரியத்தான் கெட்டவர் இல்லை. குடும்பத்துக்கு ஒரு கடை போதும், அது தன் கடை என்பது அவர் எண்ணம். அந்தத் தம்பி இப்போது புசல்லாவையில் அவருக்குக் கீழே துணி அளக்கிறான். அடுத்தது நாமா?

ஞாயிறு வந்து கட்டுகளைப் பிரித்து, மேசையில் போட்டு அளந்து, சிட்டை எழுதப்போகிறாராம். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

செப்டம்பர் 17, வியாழன்

இவர் விழுவதற்கு முன்பே சொல்லி வைத்திருந்த ஹபீல் பாஸ் இன்று வந்தார். திகனைக்காரர், தச்சு வேலையும் பொலிஷ் வேலையும் செய்கிற மேஸ்திரி, அதனால் எல்லோருக்கும் 'பாஸ்'. தொப்பி, வெற்றிலை, பேச்சுக் குறைவு. வேலையை நிறுத்தச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நிறுத்தவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அவர் வருவதற்கு முன் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்து வைத்திருந்தேன். மருந்துக் கடையில் கொண்டிஸ் என்கிற ஊதா உப்பு வாங்கி, தண்ணீரில் கரைத்து, மேசை மேல் ஒரு முழம் பூசிப் பார்த்தேன். தாமரை இலையில் விட்ட மாதிரி உருண்டு ஓடியது. ஓடின தண்ணீர் என் காலில் விழுந்து கால் பழுப்பானது. மேசை அப்படியே இருக்கிறது.

பாஸ் மேசையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "தங்கச்சி, மரத்துக்கு மேல வார்னிஷ் சட்ட போட்டீக்கி. சட்டைக்கு மேல எண்ணெ தேச்சிக் குளிச்சா ஒடம்புல புடிக்குமா?" என்றார். சட்டையை முதலில் கழற்ற வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, மரம் வெளுத்த பிறகுதான் சாயம். சாயம் பிடித்த பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, ஒன்றன்மேல் ஒன்றாக.

எத்தனை நாள் ஆகும்? நல்ல வெயிலென்றால் இரண்டு கிழமை, பதினாலு நாள். மழையென்றால் அவருக்குத் தெரியாது.

செப்டம்பர் 20, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

மூன்று நாளாகச் சுரண்டல். சுரண்டச் சுரண்ட பழைய சாராய வாடை கிளம்பியது, சாம்பிராணி போட்டேன். காலை ஒன்பது மணிக்குத்தான் பாஸ் வெள்ளை மரத்தில் கொண்டிஸ் பூசி முடித்தார். முதலில் கத்தரிக்காய் நிறம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பு. பத்து மணிக்குப் புசல்லாவை பஸ். பெரியத்தான் உள்ளே வந்தவர், நான் வாய் திறப்பதற்குள் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி நின்று, "எங்கேம்மா கட்டு?" என்றார்.

கையை எடுத்துப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் பழுப்பு. சவர்க்காரம் போட்டார், போகவில்லை. மண் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. மூக்கை வேறு துடைத்துக்கொண்டார்.

மேசை காயாமல் அதில் துணியை வைத்தால் துணியெல்லாம் இப்படித்தான் ஆகும் அத்தான், என்று மெதுவாகச் சொன்னேன். அவரும் துணி வியாபாரி. அதற்குமேல் பேச்சே இல்லை. காய்ந்த பிறகு வருகிறேன் என்று பஸ் ஏறினார்.

எலுமிச்சம்பழம் தேய்த்தால் ஒரு நிமிஷத்தில் போய்விடும். என் காலுக்கு அதைத்தான் செய்தேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேனா?

செப்டம்பர் 21, திங்கள்

பெரியத்தான் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறார். கையைப் பார்த்து என்ன வியாதி என்று கேட்டார்களாம். இவர் சிரித்ததில் பாரம் ஆடி, கால் வலித்து, அழுதாராம். இதைச் சொன்ன இவர், பிறகு கவலையோடு என்னிடம், "மேசை எப்ப காயும்?" என்று கேட்டார். மழையைப் பொறுத்தது என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல மனுஷர்தான், அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசத்தான் வராது.

செப்டம்பர் 24, வியாழன்

கடை பூட்டித்தான் இருக்கிறது. நான் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டே இரண்டு பலகையை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன், பொலிஷ் காயக் காற்று வேண்டாமா? அந்த வழியாக யாராவது உள்ளே வந்தால் போ என்று சொல்ல முடியுமா?

மேசையைத் தொட முடியாததால் தரையில் பாய் விரித்து அதில் துணியைப் பரப்பினேன். முதலில் வந்தது தெருக்கோடி ஆஸியா உம்மா. உட்கார்ந்தார், துணியைத் தடவிப் பார்த்தார், வெற்றிலை போட்டார், இரண்டு மணி நேரம் பேசினார், மூன்று சட்டைத் துணி எடுத்தார். போகும்போது, இத்தனை வருஷமாக இவரிடம் உள்சட்டைத் துணி கேட்க வெட்கப்பட்டு வேறு கடைக்குப் போனதாகச் சொன்னார்.

செப்டம்பர் 28, திங்கள்

பதினோரு பெண்கள். பாய் போதவில்லை. இன்னொன்று வாங்கினேன்.

அக்டோபர் 2, வெள்ளி

பாஸிடம் மெதுவாகக் கேட்டேன்: ஞாயிற்றுக்கிழமை காலையில், பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு பூச்சுப் பூச முடியுமா? பாஸ் வெற்றிலையை மென்று முடித்து, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். பிறகு, தான் பொய் சொல்ல மாட்டேன் என்றார். பொய் எதற்கு, பூசினால் போதும் என்றேன். அரக்கு எத்தனை பூச்சுப் போட்டாலும் மேசைக்கு நல்லதுதான், ஞாயிறும் தனக்கு மற்ற நாள் மாதிரிதான் என்றார். மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது.

அக்டோபர் 4, ஞாயிறு

பெரியத்தான் வந்தார். இந்தத் தடவை கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். பாஸிடம் நேராகவே கேட்டார், காய்ந்துவிட்டதா என்று. "இப்பதான் பூசின. ஈரம் ஈக்குது" என்றார் பாஸ். அத்தனையும் உண்மை.

கடையில் சாராய வாடை வருகிறதே என்றார் பெரியத்தான். பொலிஷ் ஸ்பிரிட் அத்தான் என்றேன். அதுவும் உண்மைதான். மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறும் இப்படியே முடிந்தது. (இதை 11ஆம் தேதி எழுதிச் சேர்க்கிறேன். அன்றைக்கு அவர் வாசற்படி ஏறவேயில்லை. தெருவில் நின்றே "காஞ்சதா?" என்றார்.)

அக்டோபர் 18, ஞாயிறு

பாஸ் வரவில்லை. திகனையில் தங்கை மகளுக்குக் கல்யாணம் என்று நேற்றே சொல்லியிருந்தார். மேசை கல்லு மாதிரி காய்ந்திருந்தது. என் முகம் அதில் தெரிந்தது, பயந்த முகம். ஒன்பதரை மணி.

பாஸ் வைத்துப் போன பெட்டியில் ஆளிவிதை எண்ணெய்ப் போத்தல் இருந்தது. பொலிஷ் துணி வழுக்கிப் போகத் துளித் துளியாகத் தொடுவார். நான் துளித் துளியாகத் தொடவில்லை. கவிழ்த்தேன். பன்னிரண்டு அடியும் வழித்துத் தேய்த்து, துடைக்காமல் விட்டேன்.

பெரியத்தான் விரல் நுனியால் தொட்டார். ஒட்டியது. பெருமூச்சு விட்டு, முகத்தைத் துடைக்கத் தோள் சால்வையை எடுத்து, பழக்கத்தில் அதை மேசைமேல் போட்டார். எடுக்கும்போது சரிகைக் கரை முழுக்க எண்ணெய். என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே ஓடினேன். பால் வைக்கவில்லை.

அக்டோபர் 22, வியாழன்

மழை. எண்ணெய் காயவில்லை.

அக்டோபர் 24, சனி

மழை. மேசையில் ஈசல் ஒட்டியிருக்கிறது, தூசி ஒட்டியிருக்கிறது, பூனையின் நாலு காலும் ஓட ஓடப் பதிந்திருக்கிறது. தீபாவளிக்குக் கூட்டம் வரத் தொடங்கிவிட்டது, பாயில் இடமில்லை, ஆண்கள் தெருவில் நனைகிறார்கள். எனக்கு இப்போது மேசை வேண்டும். எனக்கே வேண்டும். என்ன செய்து வைத்திருக்கிறேன்?

அக்டோபர் 26, திங்கள்

கல்யாணம் முடிந்து பாஸ் வந்தார். ஒரு விரலை வைத்தார், எடுத்தார், முகர்ந்தார். காலிப் போத்தலைப் பார்த்தார். ஐந்து கிழமை வேலை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிக்கவில்லை. கட்டு போய்விட்டால் கடை போகும், கடை போனால் இவர் அண்ணனுக்குக் கீழே கூலிக்கு நிற்பார், அதனால்தான் பாஸ் என்றேன். அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

"என்னட்டச் செல்லியிருந்தா அண்டைக்குக் காலேல வந்து ஒரு பூச்சுப் போட்டுட்டுத்தான் கல்யாணத்துக்குப் போயீப்பேன். இப்ப நாலு பேர் பாத்தா ஹபீல் பாஸ்ட வேல ஒட்டுதுண்டுதானே செல்லுவாங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் போய்விட்டார்.

அழுதேன். வெட்கமாயிருந்தது. அந்த மனுஷனின் பேரை எண்ணெயோடு கவிழ்த்துவிட்டேனே, எனக்கு அது தோணவேயில்லையே. பெரியத்தானை ஏய்க்கிற குஷியில எதையும் பார்க்கல.

அக்டோபர் 27, செவ்வாய்

டர்பென்டைன் வாங்கி, பழைய வேட்டியைக் கிழித்து, காலை ஐந்து மணிக்கே நானே தொடங்கினேன். வருகிறவர்களிடம், எண்ணெயைக் கொட்டியது நான், பாஸ் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஆஸியா உம்மாவிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவரிடம் சொன்னால் கண்டி முழுக்கச் சொன்ன மாதிரி.

அக்டோபர் 29, வியாழன்

மூன்றடி தேறியது. தோள் கழன்றுவிட்டது. மத்தியானம் நிமிர்ந்தால், பாஸ் வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. நான் தேய்ப்பது மரத்தின் ரேகை ஓடுகிற வாட்டத்துக்குக் குறுக்கே என்றார். கோட்டைக் கழற்றி மாட்டினார். "நீங்க அந்தப் பக்கம் புடிங்க, தங்கச்சி."

தேநீர் இரண்டு தடவை குடித்தார்.

நவம்பர் 1, ஞாயிறு

பெரியத்தான் வரவில்லை. பதிலாகக் கடிதம். மேசை காய்ந்தாலும் காயாவிட்டாலும் வருகிற சனிக்கிழமை லொறியோடு வருகிறாராம். கட்டுகளை அளக்கப்போவதில்லை, அப்படியே ஏற்றப்போகிறார்.

இவரிடம் வாசித்துக் காட்டினேன். மேலே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "நீ என்ன செய்யப்போற?" என்று கேட்டார். என்ன செய்யப்போகிறோம் என்று கேட்கவில்லை. தெரியவில்லை என்றேன். தலைமாட்டிலிருந்து கடைக் காசு வைக்கிற லாச்சித் திறப்பை, அந்தச் சின்னச் சாவியை, எடுத்து என் கையில் வைத்தார். விழுந்த நாளிலிருந்து அதை யாரிடமும் கொடுக்காதவர்.

நவம்பர் 5, வியாழன்

மேசை முடிந்தது. கறுப்பில்லை, முற்றின புளியங்கொட்டை மாதிரி ஒரு நிறம். ஒரு தழும்பும் தெரியவில்லை. பாஸ் கடைசியாகத் தன் சால்வையையே எடுத்து மேசை முழுக்க இழுத்துக் காட்டினார். ஒரு கறையில்லை.

நவம்பர் 7, சனி

இன்றைக்குக் கால் வலியோடு எழுதுகிறேன். விடாமல் எழுத வேண்டும்.

விடிந்தபோதே மடுல்கெல்லையிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கங்காணி, அவர் பெண்சாதி இரத்தினம்மா, பின்னால் முப்பது நாற்பது பேர். போன கிழமை பாயில் உட்கார்ந்து சேலை எடுத்த இரண்டு பெண்கள் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கதவுப் பலகை எல்லாவற்றையும் கழற்றினேன். பெண்களுக்குப் பாய், ஆண்களுக்கு மேசை. நடுவில் நான் ஒருத்தி.

எட்டரை மணிக்கு லொறி. பெரியத்தானும் கூலி ஆள் இரண்டு பேரும். அவரால் உள்ளே நுழையவே முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மேசையைப் பார்த்தார். காய்ந்திருந்தது. இனிமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

"கட்ட எடுத்துக் குடும்மா. போதும்" என்றார்.

நான் ஒரு பெரியவருக்கு வேட்டி அளந்துகொண்டிருந்தேன். கை ஓடவில்லை, கோணலாக அளந்தேன். அந்தப் பெரியவர், "ஆத்தா, இது நேரா இல்லயே" என்றார். பெரியத்தானின் கண் அந்த வேட்டியில் நின்றது. துணி கோணலாக வெட்டுப்படுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அது எனக்குத் தெரியும். சத்தியமாக, முன்கூட்டி நினைத்துச் செய்யவில்லை. கஜக்கோலை அவர் பக்கம் நீட்டினேன்.

"அத்தான், இவங்க விடியக்காலையில இருந்து நிக்கிறாங்க. நீங்க அளந்து குடுங்க. அப்புறம் ஏத்திக்கலாம்."

வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கினார். வேட்டியை ஒரு உதறு உதறி மேசைமேல் போட்டார். அது வழுக்கிக்கொண்டு அந்தக் கோடிவரை போய் நின்றது. அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு அளந்தார், கத்தரித்தார், நூல் பிசகவில்லை. அடுத்தவர் கம்பளி கேட்டார். அதற்கடுத்தவர் சட்டைத் துணி. பெரியத்தான் கோட்டைக் கழற்றினார்.

பத்து மணிக்கு லொறிக்காரன் எட்டிப் பார்த்தான். "பொறு" என்றார். பன்னிரண்டுக்கு எட்டிப் பார்த்தான். "ஆள் நிக்கிறது தெரியல?" என்றார். மத்தியானச் சோறு கொண்டு வந்து வைத்தேன், நின்றபடியே சாப்பிட்டார். இடையில் என்னிடம், பச்சைச் சேலைக் கட்டு எங்கே, பிள்ளைகள் சட்டை எங்கே என்று கேட்டுக் கேட்டு எடுத்தார். பாய்ப் பக்கம் ஒரு கிழவி பேரம் பேசியதற்கு நான் மடங்காமல் நின்றதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

நாலு மணிக்குக் கூட்டம் கலைந்தது. லொறியில் ஏற்றுவதற்கு மேல்தட்டில் மிஞ்சியிருந்தது இரண்டு கட்டுக் கொசுவலைத் துணி.

பெரியத்தான் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நாப்பது பேர்ல முப்பது பேர் உன்னத்தாம்மா பேர் சொல்லிக் கேட்டாங்க" என்றார். கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. கோட்டை எடுத்தார். லொறியில் முன்னால் ஏறினார். பின்னால் காலி.

போன பிறகு மேசைமேல் தலையை வைத்துக்கொண்டேன். சிரித்தேனா அழுதேனா, இரண்டும்தான்.

நவம்பர் 10, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. நான் புதுச்சேலை எடுத்துக்கொள்ள மறந்திருந்தேன். கொசுவலைத் துணிதான் மிச்சம்.

நவம்பர் 18, புதன்

இவரை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். இரண்டு கோல். கடைக்குள் வந்து மேசையைத் தடவிக்கொண்டே ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போனார். கிளாஸ் தழும்பைத் தேடுகிறார் என்று தெரிந்தது. கிடைக்கவில்லை. அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்குப் போகும்போது பெரியத்தான், சாராய வாடைக்கு நான் போட்ட சாம்பிராணிக் கரண்டியைப் பார்த்த பார்வை அப்படி.

1932 ஜனவரி 20, புதன்

ஆட்கள் அதிகம். சீத்தைத் துணி புதிதாக வந்திருக்கிறது, மஞ்சள் பூப்போட்டது, பெட்டி பிரிக்க முன்பே கேட்கிறார்கள்.

பன்னிரண்டரைக்கு இவர் சோற்றுக் கரியரோடு வந்தார், ஒரு கையில் கோல். இவரே சமைத்தது, ஒரு மாதமாக அப்படித்தான். நான் ஒரு கல்யாண வீட்டுக்காரருக்குத் துணி காட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் இருங்க என்றேன். சரி என்று வாங்குப் பலகையில் வாடிக்கைக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கரியரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் இவரிடம், "நீங்க என்ன எடுக்க வந்தீங்க?" என்று கேட்டார். இவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ரசத்தில் உப்புக் கூடிவிட்டது. சொல்லவில்லை. இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டேன்.